ஆச்சி வீட்டு வாட்ஸ்அப் குரூப்: ஸ்ட்ராபெரி மிட்டாயும் பெட்டிக்கடையும்

சங்கரன்: (முன்னனுப்பப்பட்டது)
⚠️ அவசரம் அவசரம் ⚠️ பெற்றோர்களே உஷார்!! பள்ளி வாசல்களில் ஸ்ட்ராபெரி வாசனை வரும் மிட்டாய் வடிவில் போதைப்பொருள் இலவசமாக வழங்கப்படுகிறது. குறைந்தது 10 குழுக்களுக்குப் பகிரவும் 🙏🙏🙏

கோமதி: அய்யய்யோ என்னண்ணே இது நம்ம ஊர்லயா. ஏ செல்வி ஹரிட்ட சொல்லி வையி யாரு மிட்டாய் குடுத்தாலும் கைநீட்டக் கூடாதுன்னு

ராஜி: அப்பா இத நீங்க போடுதது முதல் தடவை இல்ல. 2007 வாக்குல அமெரிக்கால ஈமெயில்ல சுத்துன புரளி இது, அங்கயே பொய்னு ஆகிப்போச்சு, இப்ப தமிழ் பேசிக்கிட்டு நம்ம குரூப்புக்கு வந்திருக்கு

சங்கரன்: பொய்யாவே இருக்கட்டும் ஜாக்கிரதையா இருந்தா என்ன நட்டம்

ராஜி: ஜாக்கிரதை வேற திசைல போவுதே அதான் நட்டம். எந்த யாவாரிப்பா ஓசில குடுப்பான். என் பல் கிளினிக்ல நான் பாக்க பிள்ளைக எல்லாம் காசு குடுத்துத்தான் வாங்குது, தெரிஞ்ச கடைல, இல்லன்னா கூடப் படிக்கவன்ட்ட. முன்னப்பின்ன தெரியாத ஆள் குடுத்து ஆரம்பிச்சேன்னு ஒருத்தனும் இதுவரைக்கும் என்ட்ட சொல்லல

செல்வி: நானே இதப் பத்தி குரூப்ல கேக்கணும்னு ரெண்டு நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஹரி ஸ்கூல்ல பேரண்ட்ஸ் மீட்டிங் போட்டாவ, ஒம்பதாங் கிளாஸ்ல நாலஞ்சு பையன் பேக்ல சின்ன டப்பா மாட்டியிருக்கு, உள்ள டீ பேக் மாதிரி குட்டி குட்டியா பொட்டலம், நான் முதல்ல சூயிங் கம்னு நினைச்சேன் மிஸ் சொல்லுதாவ அது கூல் லிப்பாம் புகையிலையாம். அதுல ஒரு பையன் வீட்டுக்கு வந்து எங்கையால தோசை தின்னவன். எனக்கு அதுலருந்து தூக்கமே இல்ல

கார்த்திக்: மைனி கூல் லிப் எல்லாம் எங்க ஸ்கூல்லயே இருந்துச்சு. கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல அதக்கிக்கிட்டு உக்காந்துருவானுக, புகை கிடையாது வாசனையும் புதினா மாதிரி இருக்கும், சார் முன்னாடி நின்னு பதில் சொன்னாலும் தெரியாது

கோமதி: கார்த்தி உனக்கு எப்படிடா இவ்வளவு விவரம் 🙄

கார்த்திக்: அத்தை நான் பாத்தத சொன்னேன் 😬

சுடலைமுத்து: ஏ இதுக்குப் போயி தூக்கத்த கெடுத்துக்கிட்டு. அந்த வயசுல பயலுவ எதையாவது செய்யத்தான் செய்வானுவ. நான் 15 வயசுல பீடி குடிச்சேன் அப்புறம் சிகரெட், கல்யாண வீட்டுல ரெண்டு பெக். இன்னைக்கு வரைக்கும் கஞ்சா எப்படி இருக்கும்னு தெரியாது. பீடில ஆரம்பிச்சு கஞ்சால முடியும்னு சொல்லுதது எல்லாம் சும்மா பயங்காட்டுதது

பாலா துபாய்: சித்தப்பா நீங்க தப்பிச்சீங்க எல்லாரும் தப்பிப்பாங்களா. என் ஹாஸ்டல் ரூம்மேட்ட உங்களுக்கு ஞாபகம் இருக்கும் நம்ம கோயில் கொடைக்குக் கூட வந்திருக்கான், அவன் ஃபர்ஸ்ட் இயர்ல வந்தப்ப ஒரு நாளைக்கு ஒரு சிகரெட் அதும் டீ கூட மட்டும்தான், செகண்ட் இயர்ல வீக்கெண்ட் பீர், அப்புறம் ஒருநாள் சீனியர் ஒருத்தன் சிகரெட்ட உதுத்து தூள கொட்டிட்டு அதே பேப்பருக்குள்ள கஞ்சாவ அடைச்சு நீட்டுனான் இவனுக்கு இழுக்கத் தெரியும் இருமல் வராது அப்ப யோசிக்கவே இல்ல வாங்கிட்டான், பக்கத்துல இருந்த இன்னொருத்தன் சிகரெட் தொடாதவன் அவனுக்கு இருமி இருமி கண்ணுல தண்ணி வந்து அன்னைக்கே வேணாம்னு ஓடிட்டான். ஃபைனல் இயர்ல போதைக்கு வலி மாத்திரை வரைக்கும் போயி அரியர் வச்சு வீட்டுல இருந்து ஆள் வந்து கூட்டிட்டுப் போனாங்க

செல்வி: அத்தான் படிக்கவே பயமா இருக்கு

சுடலைமுத்து: அவன் அப்படிப்பட்டவன். விதி

கார்த்திக்: அப்பா ஒன்னு சொல்லட்டுமா, எங்களுக்கு பயோடெக்ல இது பாடத்துலயே வந்துச்சு. டெனிஸ் காண்டல்னு ஒரு அம்மா 1975லயே எழுதுனாங்க, பிள்ளைக போதைக்குப் போற வரிசை பெரும்பாலும் ஒன்னுதான், முதல்ல பீர் ஒயின், அப்புறம் சிகரெட் இல்லன்னா ஹாட் சரக்கு, அப்புறம் கஞ்சா, அதுக்கப்புறம் மத்ததுன்னு. அவங்க வீட்டுக்காரர் எரிக் காண்டல் நோபல் வாங்குனவரு. ரெண்டு பேரும் சேர்ந்து 2011ல எலிய வச்சு ஒரு ஆராய்ச்சி போட்டாங்க. எலிக்கு முதல்ல புகையிலைல இருக்க நிகோடின குடுத்துட்டு பிறகு கொகைன் குடுத்தா மூளை ரொம்ப அதிகமா துள்ளுது, முதல்ல கொகைன குடுத்துட்டு பிறகு நிகோடின் குடுத்தா அப்படி இல்ல

சுடலைமுத்து: நான் என்ன எலியால

பாலா துபாய்: 😂😂😂

ராஜி: சித்தப்பா சொல்லுததுலயும் நியாயம் இருக்கு அத ஒத்துக்கிடணும். பீடி குடிச்சவன்ல பெரும்பாலானவன் கஞ்சாவுக்குப் போகமாட்டான். கஞ்சா அடிக்கவன்ட்ட கேட்டா முக்காவாசிப் பேரு புகையிலையோ பீரோ தொட்டுட்டுத்தான் வந்திருப்பான். ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை. அதே தெரு அதே கூட்டாளி அதே வீட்டுச் சண்டைதான் ரெண்டுக்கும் காரணம்னு சொல்லுத டாக்டர்களும் இருக்காங்க. என்னைக் கேட்டா அந்த வாதம் எப்படி வேணா முடியட்டும், கஞ்சாவுக்குப் போகலன்னா புகையிலை சும்மா விட்டுருமா? நான் வாயப் பாக்கவ. கீழ் உதட்ட இழுத்துப் பாத்தா அந்தப் பொட்டலம் வைக்கிற இடம் மட்டும் வெள்ளையா சுருங்கி தடிச்சு நிக்கும், ஈறு இறங்கி பல் வேர் தெரியும். பதினாலு பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு. நிப்பாட்டுனா அந்த வெள்ளைத் தடிப்பு பெரும்பாலும் சரியாகி வரும், நிப்பாட்டலன்னா எங்க போய் நிக்கும்னு அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல வரிசைல உக்காந்திருக்கவங்களப் பாத்தா தெரியும்

கோமதி: நம்ம தெரு வாத்தியார் கூட வாய் திறக்க முடியாம கிடந்தாவல்லா

ராஜி: அவருக்கு பான் மசாலா அத்தை, அதுல பாக்கு. பாக்கு கன்னத்துத் தோல இறுக்கி நாராக்கிரும். மூணு விரல நிமித்தி அடுக்கி வாய்க்குள்ள விட்டுப் பாருங்க போகணும், போகலன்னா டாக்டர்ட்ட ஓடணும். அது கூட சரக்கும் சேர்ந்தா ஒன்னும் ஒன்னும் ரெண்டு இல்ல, வாய்லயும் தொண்டைலயும் கேன்சர் வாய்ப்ப பல மடங்கு ஏத்திரும்

சங்கரன்: இந்த கூல் லிப் தமிழ்நாட்டுல தடைதானே. குட்கா பான்மசாலாவ 2013ல ஜெயலலிதா அம்மா இருக்கும்போதே தடை பண்ணியாச்சே

ராஜி: தடைதான்பா, வருஷா வருஷம் நீட்டிக்கிட்டுத்தான் வாராங்க. வெளி மாநிலத்துலருந்து வந்துருது. 2024ல மதுரை ஹைகோர்ட் பெஞ்ச்லயே ஸ்கூல் பிள்ளைக கூல் லிப்புக்கு அடிமையாகுதுன்னு ஜட்ஜ் கவலைப்பட்டு கம்பெனிகளயே கேள்வி கேட்டாரு. தடை பண்ணுனதால கடைக்காரன் கல்லாப்பெட்டிக்கு அடில வச்சு விக்கான். பையன் அங்கேயே ஒளிச்சு வாங்கப் பழகிருதான் பாருங்க, எனக்கு பெரிய பயம் அதுதான். ஒரு தடவை கண்ணக் காட்டி வாங்கப் பழகுனவனுக்கு அடுத்த பொருளுக்கு புதுசா தைரியம் வேண்டாம். அதே ஆளே கேப்பான் தம்பி வேற வேணுமான்னு

செல்வி: ஸ்கூலுக்கு எதுத்தாப்லயே ரெண்டு பெட்டிக்கடை இருக்கு ராஜி

சங்கரன்: 100 கெஜத்துக்குள்ள விக்கக் கூடாது 18 வயசுக்குக் கீழ உள்ளவனுக்கும் விக்கக் கூடாதுன்னு 2003லயே சட்டம். நான் ஹெட்மாஸ்டரா இருக்கும்போது சுவத்துல மஞ்ச பெயிண்ட்ல எழுதியே வச்சேன்

பாலா துபாய்: அப்பா அந்தச் சட்டத்துல அபராதம் 200 ரூபாதான், அவனுக்கு ஒரு மணி நேர வருமானம். ஆனா சிறார் நீதிச் சட்டம் 2015 பிரிவு 77 இருக்கு, பிள்ளைக்கு சாராயமோ புகையிலையோ குடுத்தா 7 வருஷம் வரைக்கும் ஜெயில் 1 லட்சம் வரைக்கும் ஃபைன். செல்வி ஸ்கூல்ல கம்ப்ளெயிண்ட் எழுதினா அந்தப் பிரிவப் போட்டு எழுதச் சொல்லு

சுடலைமுத்து: ஆமா கடைக்காரன ஜெயில்ல போடு. பாவம் பிழைப்புக்கு விக்கான்

செல்வி: சின்ன மாமா தப்பா எடுத்துக்காதிய. போன கொடைக்கு நீங்கதான் ஹரிட்ட நூறு ரூபாயக் குடுத்து சிகரெட் வாங்கிட்டு வான்னு அனுப்புனிய. மிச்சத்த நீயே வச்சுக்கோன்னும் சொன்னிய. அவன் எங்கிட்ட பெருமையா வந்து சொன்னான்

கோமதி: செல்வி

செல்வி: இல்லம்மா சொல்லத்தான் வேணும். கடைக்காரனுக்கு ஹரி முகம் பழகிருச்சு. நாளைக்கு அவனே தனக்குன்னு போய்க் கேட்டா சின்னத் தாத்தாவுக்குன்னு நினைச்சுக் குடுத்துருவான். அங்க யாரும் ஸ்ட்ராபெரி மிட்டாய் குடுக்கல

(சுடலைமுத்து: இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கார்த்திக்: என்னையும் அனுப்புவாங்க மைனி. எனக்கு பிராண்ட் பேரு எல்லாம் ஆறாங் கிளாஸ்லயே மனப்பாடம்

சுடலைமுத்து: ஏல நீ சும்மா கிட

சுடலைமுத்து: அனுப்புனேன் யாரு இல்லன்னா. முட்டு வலிக்கு எந்திரிக்க முடியல அனுப்புனேன். அதுக்கு நான்தான் பிள்ளையக் கெடுத்தேன்னு ஆகிருமா

ராஜி: கெடுத்தியன்னு யாரும் சொல்லல சித்தப்பா. அவன அனுப்பாதியன்னுதான் சொல்லுதோம். ஸ்கூல் பிள்ளைகள்ல 2019ல சர்வே ஒன்னு எடுத்தாங்க, இந்தியா பூராவும் 13 லருந்து 15 வயசு வரைக்கும். 100 பேர்ல 8 பேருக்கு மேல அப்ப புகையிலை தொட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. அதவிட என்னை உலுக்குனது, வாய்ல போடுத புகையிலை பழக்கம் உள்ளவங்கள்ல பாதிப் பேருக்கு மேல பத்து வயசுக்கு முன்னாடியே தொட்டிருக்காங்க. பத்து வயசுல எவன் கஞ்சா யாவாரிட்ட போவான், வீட்டுலயும் தெருவுலயும் கண்ணுல பட்டதுதான்

பாலா துபாய்: சரக்குக்கும் இதே கதைதான். கல்யாண வீட்டு மாடில பெரியவங்க உக்காந்து ஊத்துவாங்க, பையன் ஐஸும் சுண்டலும் கொண்டு குடுப்பான், யாராவது ஒரு மாமா மூடில ஊத்தி ருசி பாருலன்னு குடுத்து எல்லாரும் சிரிப்பாங்க. டாஸ்மாக்ல 21 வயசு ஆகணும்னு ரூல், நம்ம மாடில ரூல் கிடையாது

ராஜி: அது சிரிக்க விஷயம் இல்லண்ணே. அமெரிக்கால 1997ல வந்த ஆய்வு, 14 வயசுலயோ அதுக்கு முன்னாடியோ குடிக்க ஆரம்பிச்சவங்கள்ல 100க்கு 40 பேரு வாழ்க்கைல ஒரு கட்டத்துல குடிக்கு அடிமை ஆகியிருக்காங்க, இருபது வயசுக்கு மேல தொட்டவங்கள்ல 10 பேருதான். மூளைல வேணாம் நிப்பாட்டுன்னு சொல்லுத முன்பகுதி முழுசா வளர 25 வயசு கிட்ட ஆகும், ஆசைய கிளப்புத பகுதி அதுக்கு முந்தியே ரெடி ஆகிரும். சிகரெட் புகை உள்ள போன பத்து செகண்டுல நிகோடின் மூளைக்குப் போயிரும். பெரியவங்களுக்கு ரெண்டு பெக்லயே தூக்கம் சொக்கும், விடலைப் பயலுக்கு அந்தச் சொக்கல் கம்மி, அதனால எனக்கு ஒன்னும் ஏறலன்னு இன்னும் ஊத்துவான், அப்புறம் அப்படியே பைக்க எடுப்பான்

கோமதி: எனக்கு இந்த மூளை விஷயம்லாம் புரியல. இப்ப ஹரிய என்ன செய்ய அத சொல்லு. அவன் பைய சோதிக்கவா

ராஜி: பைய நோண்டாதிய அத்தை. அடிக்கவும் வேண்டாம், அடிச்சா ஒளிக்கத்தான் படிப்பான். பேச்சோட பேச்சா உன் கிளாஸ்ல கூல் லிப் இருக்காமேன்னு கேளுங்க, அவனப் பத்தி கேக்காம அவன் கூட்டாளியப் பத்திக் கேளுங்க, கொட்டிருவான். மைனி அந்த தோசை தின்ன பையனயும் வீட்டுக்கு வராதன்னு சொல்லிராதிய ப்ளீஸ், நல்ல வீட்டு வாசல் அடைஞ்சா அவன் போக்கிடம் அந்தக் கடைதான்

செல்வி: நான் வராதன்னு சொல்லத்தான் இருந்தேன்

சங்கரன்: அடிமையே ஆகிட்டா

ராஜி: 1800-11-2356, புகையிலைய விட உதவி பண்ணுத லைன், காசு கிடையாது தமிழ்லயும் பேசுவாங்க, சிகரெட் அட்டைலயே போட்டிருக்கும் யாரும் படிக்கதில்ல. குடி மத்த போதைக்கு 14446. சென்னைல இருந்தா அடையாறுல டிடிகே ஹாஸ்பிட்டல், 1980லருந்து இதே வேலையாத்தான் இருக்காங்க. நிகோடின் சூயிங் கம்ம மட்டும் நீங்களா மெடிக்கல்ல வாங்கி பிள்ளைக்குக் குடுத்துராதிய

பாலா துபாய்: அப்ப வர்ற கொடைக்கு மாடில சரக்கு கிடையாது. வேணும்ங்கறவங்க வெளிய போய் குடிச்சுக்கட்டும், பிள்ளைக கண்ணு முன்னாடி வேண்டாம். நான் பந்தல் செலவு பூரா ஏத்துக்கறேன், இந்த ஒரு கண்டிஷனுக்கு

கோமதி: நான் சரி

சங்கரன்: நானும் சரி

செல்வி: 👍

கார்த்திக்: 👍👍

பாலா துபாய்: சித்தப்பா?

சுடலைமுத்து: துபாய்க்காரன் பந்தல் போட்டா துபாய்க்காரன் சட்டம். செய்ங்க. ஆனா நான் சிகரெட்ட விடுவேன்னு எவனும் நினைக்காதிய

ராஜி: விடச் சொல்லல சித்தப்பா, நடந்து போய் நீங்களே வாங்குங்க, முட்டுக்கும் நல்லது 😄

சுடலைமுத்து: உங்கப்பனுக்கு நீ மூத்த பிள்ளையா பிறந்திருக்கணும்

ராஜி: மைனி ஞாயித்துக்கிழமை காலைல கிளினிக் பூட்டித்தான் இருக்கும், உங்களுக்காகத் திறக்கேன். ஹரி மட்டும்னா சந்தேகப்படுவான், தெருப்பிள்ளைக எல்லாத்தையும் பல் செக்கப்னு கூட்டிட்டு வாங்க, அந்த தோசைப் பையனயும். நான் உதட்ட இழுத்துப் பாத்துட்டு உங்ககிட்ட தனியா பேசறேன்

செல்வி: சரி ராஜி. எத்தனை பேரு வருவாங்கன்னு நாளைக்குச் சொல்லுதேன்

கார்த்திக்: அக்கா எனக்கும் கடவாப்பல்லு வலி, ஞாயித்துக்கிழமை ஊருக்கு வாரேன் அப்பவே வரவா

ராஜி: நீ முதல் ஆளா வா. உன் உதட்டயும் இழுத்துப் பாக்கணும்