மெட்ரோ ரயிலில் பணயக்கைதிகள்: ரயில் நின்ற பிறகு கதையும் நின்றுவிடாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி

மெட்ரோ ரயிலைக் களமாகக் கொண்டு ஒரு பரபரப்பு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரவின் கடைசி ரயில் இரண்டு சுரங்க நிலையங்களுக்கு நடுவில் நிறுத்தப்படுகிறது. துப்பாக்கி ஏந்திய நான்கு பேர், முதல் பெட்டியில் இருக்கும் முப்பது பயணிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, சிறையில் இருக்கும் தங்கள் கூட்டாளியை விடுவிக்க வேண்டும் என்கிறார்கள். ரயில் நிற்கும் வரை எழுத்து தடையின்றி ஓடுகிறது. நின்ற பிறகு தொலைபேசியில் மாற்றி மாற்றிப் பேசுவதும், காவல்துறையினர் கூடிக் கூடி ஆலோசிப்பதும் தவிர எதுவும் நடப்பதில்லை. கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர்கள் அனைவரும் மூன்றாம் பகுதியில் புத்தகத்தை மூடி வைத்துவிடத் தோன்றியதாகச் சொன்னார்கள். விறுவிறுப்புக்காக இருபது பக்கத்துக்கு ஒரு பயணியைக் கொல்வது மலிவான உத்தியாகப் படுகிறது. பயணிகளில் ஒருவர் முன்னாள் ராணுவ வீரராக இருந்து, தனியாளாக நால்வரையும் வீழ்த்துவதும் எனக்கு வேண்டாம்.

நடுப்பகுதியைத் தாங்கி நிற்கக்கூடியது எது? கூடவே ஒரு தொழில்நுட்பச் சந்தேகமும் உண்டு: ஓட்டுநரை இறக்கிவிட்டு, கடத்தியவர்களே ரயிலை நகர்த்திச் செல்வது நடக்கக்கூடியதா? காவல்துறை நினைத்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிட முடியுமா?

முதல் பதில்

ரயில் நின்ற பிறகு நேரம் யாருக்குச் சாதகமாக ஓடுகிறது என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் தந்த கதைச்சுருக்கத்தில் அது இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பணயக்கைதிகளாகப் பிடிக்கப்பட்ட இஸ்ரேல் குழுவினர் 11 பேர் உயிரிழந்த பிறகு, நியூயார்க் காவல்துறை 1973-இல் பேச்சுவார்த்தைக்கென்றே தனிக் குழு ஒன்றை அமைத்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் உளவியலும் படித்த துப்பறிவாளர். அந்தக் காலத்திலிருந்து இந்தத் தொழிலின் அடிப்படைப் பாடம் நேரத்தை இழுப்பதுதான். முதல் ஒரு மணி நேரத்தில் கடத்தியவனின் கை நடுங்கும், சுடுவதற்கு அப்போதுதான் வாய்ப்பு அதிகம். நேரம் செல்லச் செல்ல அவனுக்குப் பசிக்கும், தூக்கம் வரும், கோபம் தணியும். ஆகவே வெளியே இருப்பவர் நேரத்தை நீட்டப் பார்க்கிறார், உள்ளே இருப்பவன் சுருக்கப் பார்க்கிறான். உங்கள் நடுப்பகுதி முழுவதையும் இந்த இழுபறியின் மேல் நிறுத்தலாம்.

கெடுவை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை நடத்துபவர் கெடுவைப் பற்றித் தாமாக வாய் திறப்பதில்லை. "பன்னிரண்டு மணிக்குள்" என்று எதிர்முனையில் ஒருவன் மிரட்டியிருந்தால், பன்னிரண்டு அடிக்கக் கால் மணி இருக்கும்போதே அவனை வேறொரு விவரத்துக்குள், எந்த வண்டி வேண்டும், எத்தனை இருக்கை இருக்க வேண்டும், அதை யார் ஓட்டி வர வேண்டும் என்பதற்குள், இழுத்துவிட்டு, மணி பன்னிரண்டேகால் ஆகும் வரை பேச வைத்துவிடுவதுதான் அவருடைய திறமை. கெடு கடந்தும் ஒருவரும் சாகவில்லை என்றால் அடுத்த கெடுவின் கூர் மழுங்கிவிடும். இந்த உரையாடலை இரண்டு பக்கத்துக்கு எழுதிப் பாருங்கள்; வாசகர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படிப்பார்.

பேச்சுவார்த்தை நடத்துபவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது என்பதும் ஒரு விதி. அதிகாரி அருகிலேயே நின்றாலும், "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்று அவர் பொய் கலக்காமல் சொல்லக்கூடிய நிலை வேண்டும். திரைப்படங்களில் வரும் காவல்துறைத் தலைவர் தொலைபேசியைத் தானே பிடுங்கிப் பேசுகிறாரே, அப்படி ஒருவர் உங்கள் கதையிலும் இருந்தால் தயவுசெய்து அவரை வெளியே அனுப்பிவிடுங்கள்.

சிறிய கோரிக்கைகளையும் பயன்படுத்துங்கள். முப்பது பேருக்குத் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் எந்தக் கதவு திறக்கும்? வெளியே வைத்த தண்ணீர்ப் புட்டிகளை எடுக்கக் கடத்தியவன் தானே குனிவானா, ஒரு பயணியை அனுப்புவானா? அனுப்பினால், கதவுக்கு வெளியே ஒரு கால் வைத்துவிட்ட அந்தப் பயணி திரும்பி வருவாரா? அவருடைய குழந்தை உள்ளே இருக்கிறதா? கதவு திறந்திருக்கும் அந்தச் சில நொடிகளில், இருட்டில் படுத்திருக்கும் காவலர்கள் உள்ளே எத்தனை பேர் நிற்கிறார்கள், எந்தக் கையில் ஆயுதம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். இத்தனைக்கும் நடப்பது தண்ணீர் வாங்குவது மட்டுமே. ஒருவரும் சாக வேண்டியதில்லை.

இரண்டாம் பதில்

ரயில் இயக்கக் கட்டுப்பாட்டுப் பணியில் இருப்பவன் என்ற முறையில் தொழில்நுட்பக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஓட்டுநர் இல்லாமல் ரயிலை நகர்த்துவது நீங்கள் நினைப்பது போல எளிதல்ல. ஓட்டுநர் கைப்பிடியை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், அல்லது குறித்த இடைவெளியில் ஒரு பொத்தானையோ மிதியையோ இயக்கியாக வேண்டும். அவர் மயங்கி விழுந்தாலும் கையை எடுத்தாலும் பிரேக் தானாகப் பிடிக்கும். கடத்தியவர்களில் ஒருவனுக்கு இந்த வேலை தெரிந்திருந்தால் ரயிலைக் கிளப்பலாம். ஆனால் முன்னால் தடம் காலியாக இல்லாதபோது அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டினாலும், வேக வரம்பை மீறினாலும், தானியங்கிப் பாதுகாப்பு அமைப்பு ரயிலை நிறுத்திவிடும். அந்த அமைப்பைத் துண்டித்துவிட்டு ஓட்டவும் வழி உண்டு. அதற்கு உள்ளிருந்து கற்ற அறிவு தேவை. எனவே நால்வரில் ஒருவன் பணிநீக்கம் செய்யப்பட்ட ஊழியன் என்று வையுங்கள், அல்லது ஓட்டுநரை இறக்காமல் கேபினிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். தலைக்குப் பின்னால் துப்பாக்கி இருக்கும்போது கட்டுப்பாட்டு அறையோடு வழக்கமான குரலில், வழக்கமான சொற்களில் பேசியாக வேண்டிய ஓட்டுநர் உங்கள் முப்பது பயணிகளைக் காட்டிலும் சுவையான பாத்திரம். அறையில் இருப்பவருக்குச் சந்தேகம் எழும்படி எந்தச் சொல்லை அவர் மாற்றிச் சொல்வார் என்று யோசியுங்கள்.

மின்சாரத்தைத் துண்டிக்க முடியும். கட்டுப்பாட்டு அறையிலிருந்தே பகுதி பகுதியாகத் துண்டிக்கலாம். ஆனால் உத்தரவிடும் காவல் அதிகாரிக்கு அதன் விளைவு முழுவதும் தெரிந்திருக்காது. ரயிலை ஓட்டும் இழுவை மின்சாரம் போனதும் குளிர்சாதனம் நின்றுவிடும். மின்கலத்தில் ஓடும் அவசர விளக்குகளும் குறைந்த அளவு காற்றோட்டமும் மட்டும் சிறிது நேரத்துக்கு மிஞ்சும். மூடிய பெட்டியில் முப்பது பேர் என்றால் வெப்பம் விரைவில் ஏறும், கண்ணாடியில் ஆவி படியும், முதியவர்கள் தளர்ந்துபோவார்கள். கடத்தியவர்களை வாட்டுவதற்காகச் செய்யும் காரியம் முதலில் பயணிகளைத்தான் வாட்டும். இன்னொரு பக்கம், துண்டிக்காமல் விட்டால் அதிரடிப்படை தண்டவாளத்தில் நடக்க முடியாது. பல நகரங்களில் தடத்துக்குப் பக்கத்திலேயே மூன்றாவது தண்டவாளம் 600 முதல் 750 வோல்ட் வரை நேர்மின்சாரத்தோடு கிடக்கும். மேல்நிலைக் கம்பி உள்ள வேறு பல நகரங்களில் அது 25,000 வோல்ட்டாகவும் இருக்கும். அதிரடிப்படை நடக்கட்டும் என்று துண்டித்தால் பெட்டிக்குள் விளக்கு மங்கிக் கடத்தியவர்களுக்குச் செய்தி போய்விடும். இந்த முடிச்சை அவிழ்க்கவே உங்களுக்கு ஒரு முழு அத்தியாயம் பிடிக்கும்.

கடைசி ரயில் என்பதை மாற்றாதீர்கள். பல மெட்ரோக்களில் கடைசி ரயில் போன பிறகுதான் பராமரிப்புப் பணியாளர்கள் மின்சாரத்தை நிறுத்திச் சுரங்கத்துக்குள் இறங்குவார்கள். தண்டவாளம், கேபிள், நீரிறைக்கும் பம்பு என்று எல்லா வேலையும் விடிவதற்குள் முடிய வேண்டும். உங்கள் கதை நடக்கும் இரவிலும் அவர்கள் கருவிகளோடு அடுத்த நிலையத்தில் காத்திருப்பார்கள். இரு சுரங்கங்களை இணைக்கும் குறுக்கு வழி எங்கே, எந்தக் கதவின் கீல் கிறீச்சிடும் என்பது காவல்துறையினரின் வரைபடத்தில் இருக்காது. அது இவர்களுக்குத் தெரியும். ஆனால் இவர்களிடம் யாரும் கேட்கமாட்டார்கள்.

மூன்றாம் பதில்

முதல் பதிலில் சொல்லப்பட்டதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் ஒரு முக்கியமான திருத்தத்தோடு. நேரத்தை இழுப்பது நன்மை தருவதற்கு, பேச்சுவார்த்தை நடத்துபவரின் பேச்சைத் தவிர வேறெந்தச் செய்தியும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2010 ஆகஸ்ட் 23-இல் மணிலாவில் ஹாங்காங் சுற்றுலாப் பயணிகள் இருந்த பேருந்தைப் பணிநீக்கம் செய்யப்பட்ட காவல் அதிகாரி ஒருவர் பிடித்து வைத்தார். கோரிக்கை, தம்மை மீண்டும் பணியில் சேர்க்க வேண்டும் என்பது. தொடக்கத்தில் சிலரை அவரே விடுவித்தார். நேரம் காவல்துறையின் பக்கம் இருப்பதாகவே தோன்றியது. ஆனால் பேருந்துக்குள் தொலைக்காட்சி இருந்தது. வெளியே காவலர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதையும், காவலரான தம் சொந்தச் சகோதரரைக் காவல்துறையினர் கைது செய்து இழுத்துச் செல்வதையும் அவர் நேரலையிலேயே பார்த்தார். அதன் பிறகு சுடத் தொடங்கினார். காவலர்கள் சம்மட்டியால் ஜன்னல் கண்ணாடிகளை உடைக்கப் போராடினார்கள். கதவில் கட்டி இழுத்த கயிறு அறுந்தது. ஏறக்குறைய பதினோரு மணி நேரத்துக்குப் பிறகு எல்லாம் முடிந்தபோது பயணிகள் 8 பேர் இறந்திருந்தார்கள். அறுந்த கயிற்றைக் கற்பனையில் எழுதியிருந்தால் நம்பும்படியாக இல்லை என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

1988 ஆகஸ்டில் மேற்கு ஜெர்மனியின் கிளாட்பெக் நகரில் வங்கிக் கொள்ளையில் தொடங்கிய சம்பவம் இன்னும் விசித்திரமானது. கொள்ளையர்கள் பிரெமன் நகரில் 30-க்கும் மேற்பட்ட பயணிகளோடு ஒரு நகரப் பேருந்தைப் பிடித்தார்கள். செய்தியாளர்கள் துப்பாக்கிக்காரர்களிடமே போய்ப் பேட்டி எடுத்தார்கள். பணயக்கைதிகளில் சிறுவன் ஒருவன் கொல்லப்பட்டான். குற்றம் நடந்துகொண்டிருக்கும்போது குற்றவாளிகளைப் பேட்டி எடுக்கக் கூடாது என்ற நெறி ஜெர்மன் பத்திரிகைத் துறையில் அதற்குப் பிறகுதான் உறுதியாயிற்று.

இவற்றை வைத்துப் பார்க்கும்போது, உங்கள் சுரங்கத்தில் கைப்பேசி அலை கிடைக்குமா, கிடைக்காதா என்பதை முதல் அத்தியாயத்திலேயே தீர்மானித்துவிடுவது நல்லது. கிடைக்கும் என்றால் முப்பது பேரின் பையிலும் ஆளுக்கொரு ஒளிபரப்பு நிலையம் இருக்கிறது. கடத்தியவன் தன்னைப் பற்றிய செய்தியைத் தானே படிப்பான், தன் தாயின் பேட்டியைப் பார்ப்பான், "இவனுக்குச் சுடத் துணிவில்லை" என்று முகம் தெரியாத யாரோ எழுதியதையும் பார்ப்பான். பேச்சுவார்த்தை நடத்துபவர் ஆறு மணி நேரம் பொறுமையாகக் கட்டியதை அந்த ஒரு வரி கலைத்துவிடக்கூடும்.

கோரிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டாளியை விடுவிப்பது வாசகர் நூறு முறை பார்த்தது. 2020 ஜூலையில் உக்ரைனின் லுட்ஸ்க் நகரில் பேருந்தில் 13 பேரைப் பிடித்து வைத்த ஒருவர், நாட்டின் அதிபர் ஒரு ஆவணப்படத்தைப் பார்க்கச் சொல்லி மக்களிடம் பரிந்துரைக்க வேண்டும் என்றார். அதிபர் காணொளியில் அதைச் சொன்னார். பயணிகள் அனைவரும் உயிரோடு மீண்டார்கள். காணொளி பின்னர் நீக்கப்பட்டது. நிறைவேற்ற எளிதான, ஆனால் நிறைவேற்றுபவரைக் கூச வைக்கும் கோரிக்கை பணத்தைவிடப் பெரிய மோதலை உண்டாக்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பராமரிப்புப் பணியாளர்களைக் கதைக்குள் கொண்டுவரப் போகிறேன். ஓட்டுநர் கேபினிலேயே இருப்பார். ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது: முப்பது பயணிகளையும் வாசகருக்கு அறிமுகப்படுத்த முடியாது, ஐந்தாறு பேரை மட்டும் காட்டினால் மற்றவர்கள் பொம்மைகளாகிவிடுகிறார்கள். பயணிகளுள் ஒரு பெண் கடத்தியவர்களில் ஒருவனிடம் பரிவு கொள்வதாக, ஸ்டாக்ஹோம் நோய்க்குறியை வைத்து, ஓர் இழை பின்னலாமா என்றும் யோசிக்கிறேன்.

நான்காம் பதில்

அந்த இழையை விட்டுவிடுங்கள் என்பேன். 1973-இல் ஸ்டாக்ஹோம் வங்கி ஒன்றில் நடந்த சம்பவத்திலிருந்து வந்த அந்தப் பெயர், மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்ற ஒன்றல்ல. கதைகளில் அது பெரும்பாலும் ஒரு பெண்ணைக் காரணமில்லாமல் கடத்தியவன் பக்கம் சாய்ப்பதற்கான சாக்காகவே பயன்படுகிறது. உண்மையில் ஈர்ப்பு எதிர்த் திசையிலும் வேலை செய்யும், அதுதான் உங்களுக்கு உதவும்.

1975 டிசம்பரில் நெதர்லாந்தின் வெய்ஸ்டர் என்ற ஊருக்கு அருகே இந்தோனேசியாவில் உள்ள தென் மொலுக்கத் தீவுகளின் விடுதலையைக் கோரிய இளைஞர்கள் ஒரு பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள். ஓட்டுநர் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். முற்றுகை 12 நாள் நீடித்தது. கொல்லப்பட வேண்டியவராகப் பயணிகளில் ஒருவரான நாளிதழ் ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் தம் குடும்பத்துக்குக் கடைசிச் செய்தி ஒன்றைச் சக பயணியிடம் சொல்லிவிட விரும்பினார். மண வாழ்க்கையின் சிக்கல்களையும் குழந்தைகளையும் பற்றி அவர் மனம் திறந்து சொல்லிக்கொண்டிருந்ததைக் காவலுக்கு நின்ற இளைஞர்களும் கேட்டார்கள். கேட்ட பிறகு அவர்களால் அவரைச் சுட முடியவில்லை. வேறொரு பயணியை அழைத்துச் சென்று சுட்டார்கள்.

பயணிகளை அறிமுகப்படுத்தும் சிக்கலுக்கும் இதிலேயே வழி இருக்கிறது. ஒருவரைப் பற்றிக் கடத்தியவனுக்கு எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவே வாசகருக்கும் தெரியட்டும். பேசியவர்களுக்குப் பெயர் கிடைக்கட்டும். பேசாதவர்கள் "பச்சைச் சட்டைக்காரர்", "வாசலோரம் அமர்ந்திருந்தவர்" என்றே இருக்கட்டும். அப்போது அவர்கள் பொம்மைகளாக இருப்பதே அச்சத்துக்குக் காரணமாகிவிடும், ஏனென்றால் துப்பாக்கி யார் பக்கம் திரும்பும் என்பது வாசகருக்குப் புரிந்துவிடும். பேசிப் பிழைத்த ஒருவர், தமக்குப் பதிலாகப் பச்சைச் சட்டைக்காரர் எழுந்து போவதைப் பார்க்கும் காட்சியில் உங்கள் முன்னாள் ராணுவ வீரருக்கு எந்த வேலையும் இல்லை.

முடிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அதே கோரிக்கையோடு 1977 மே 23-இல் அதே நாட்டின் டெ பூண்ட் என்ற ஊருக்கு அருகே இன்னொரு ரயில் பிடிக்கப்பட்டது. ஜூன் 11 அதிகாலையில் போர் விமானங்கள் ரயிலுக்கு மேல் மிகத் தாழப் பறந்து காதைப் பிளக்கும் ஓசை எழுப்பின, அதே நேரத்தில் கடற்படை வீரர்கள் தாக்கினார்கள். கடத்தியவர்களில் 6 பேரும் பயணிகளில் 2 பேரும் இறந்தார்கள். மீட்பவரின் குண்டு பெட்டிக்குள் வரும்போது எழுந்து நிற்பவர் யார், தரையோடு படுத்திருப்பவர் யார் என்பதே உயிரைத் தீர்மானிக்கும். உங்கள் பயணிகளில் அந்த நேரத்தில் எழுந்து நிற்கக்கூடியவர் யார் என்பதை இப்போதே முடிவு செய்துகொண்டு, அவரை நடுப்பகுதியிலேயே ஒரு முறை அப்படி எழ வையுங்கள்.