மலரின் பதக்கம்: ஓரத்தில் திறந்த கோடு

மலர்: [படம்]
பெரியப்பா, பதக்கத்துக்கு இன்றுதான் பளபளப்பு ஏற்றி முடித்தேன். நடுவில் நீல லாபிஸ் கல்லில் ஆறு, இரு பக்கமும் பச்சை மாலகைட் கல்லில் கரை, மேலே சிவப்பு ஜாஸ்பர் கல்லில் வானம். ஆனால் இணைப்பில் கருப்புக் கோடு தெரிகிறது. ஒட்டும்போது மயிரிழைகூட இடைவெளி இல்லை. மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் ஒட்டினேன். மனம் ஆறவில்லை.

சித்தி: எனக்கு அழகாகத்தான் தெரிகிறது, மலர். இதுவும் கல் பதிப்பதுதானே?

மலர்: இல்லை, சித்தி. நகையில் பதிப்பது என்றால் பெரும்பாலும் உலோகத்தில் குழி எடுத்துக் கல்லை அமர்த்துவார்கள். இதில் கல்லோடு கல்லை ஒட்டுகிறோம், நடுவில் உலோகமே கிடையாது. எல்லாத் துண்டுகளையும் ஒரே கல்லாக இழைத்த பிறகுதான் வெள்ளிக் கூட்டில் வைப்போம். இன்டார்சியா என்று பெயர்.

பெரியப்பா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மலர். கோடு நடுவில் இல்லை. ஓரத்துக்குப் போகப் போகத்தான் அகலமாகிறது. துண்டுகளின் பக்கங்களைச் சாய்வாக வெட்டினாயா?

மலர்: ஆமாம், பெரியப்பா. மேல்விளிம்பு மட்டும் ஒன்றையொன்று தொட வேண்டும், கீழே பசைக்கு இடம் விட வேண்டும் என்று படித்தேன். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்துக் கல் ஓவியங்களில் அப்படித்தான் செய்வார்களாம்.

பெரியப்பா: நீ படித்தது சரிதான். 1588-இல் அந்த ஊரை ஆண்ட முதலாம் பெர்டினாண்டோ தெ மெடிசி அங்கே தொடங்கிய பட்டறை இன்றும் இருக்கிறது. கம்பி கட்டிய வில்லால் கல்லைச் சற்றுச் சாய்த்து அறுப்பார்கள். ஆனால் அவை தட்டையான பலகைகள். மேலே கொஞ்சம்தான் தேயும், அதனால் இறுக்கமான விளிம்பு அப்படியே நிற்கும். நீ மேடாக, வளைவாக இழைத்திருக்கிறாய். 3 மி.மீ. கனமுள்ள கல்லில் ஓரத்தில் மட்டும் 1 மி.மீ.க்கு மேல் தேய்ந்து போயிருக்கும். சாய்வின் அடிப்பகுதி வெளியே வந்துவிட்டது. நீ பார்க்கும் கோடு அங்கே நிற்கும் பசை.

மலர்: அடடா! அதனால்தான் இழைக்க இழைக்கக் கூடிக்கொண்டே போனதா?

பெரியப்பா: ஆமாம். வளைவான வேலைக்குப் பக்கச் சுவர் மேலிருந்து கீழ்வரை செங்குத்தாக இருக்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் ஒரு சிறு மேடை வை. கல்லைக் கையில் தூக்கிப் பிடிக்காமல் அதன் மேல் படுக்கவைத்துத் தள்ளு. இரண்டு துண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடி. எங்கே வெளிச்சம் வரவில்லையோ அங்கேதான் கல் முட்டுகிறது. அந்த இடத்தைப் பேனாவால் குறித்து, அதை மட்டும் தேய். பிறகு திருப்பி, அடிப்பக்கத்தையும் அப்படியே பார். அடியைப் பார்க்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

இளங்கோ: அக்கா, இதைப் பிரித்து மறுபடி ஒட்ட முடியாதா?

பெரியப்பா: சூடு காட்டினால் எபாக்சிப் பசை இளகும், தம்பி. மாலகைட் அந்தச் சூட்டைத் தாங்காது. புதிதாகச் செய்வதுதான் நல்லது. மலர், இன்னொன்று. நகத்தை லாபிஸிலிருந்து மாலகைட்டுக்குக் குறுக்கே இழுத்துப் பார்.

மலர்: தட்டுகிறது! மாலகைட் பள்ளமாக இருக்கிறது.

பெரியப்பா: கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் ஜாஸ்பர் 6.5 முதல் 7. லாபிஸ் 5 முதல் 6. மாலகைட் 3.5 முதல் 4 தான். மெத்தென்ற பட்டையில் மெருகேற்றினால் மென்மையான கல்லை அது தோண்டிவிடும். கெட்டியான தளத்தில், புதிய வைரத் தூளோடு, அழுத்தாமல் செய். பச்சை வேண்டுமென்றால் கிரைசோபிரேஸ் எடு. அது ஜாஸ்பர் அளவுக்கே கெட்டி, இரண்டும் ஒன்றாகத் தேயும்.

மலர்: மாலகைட்டின் வளையங்கள்தான் கரையில் அலை மாதிரி வந்தன. அதை விட மனமில்லை, பெரியப்பா.

பெரியப்பா: அப்படியென்றால் ஒல்லியான துண்டாக வை. இரு பக்கமும் கெட்டிக் கல் இருந்தால் பள்ளம் அவ்வளவாக விழாது.

அம்மா: அந்தப் பச்சைத் தூள் மூக்கில் ஏறக் கூடாது என்றாயே, மலர்? முகக்கவசம் போட்டாயா?

மலர்: போட்டேன், அம்மா. தண்ணீர் ஓடாமல் சக்கரத்தைத் தொடவே மாட்டேன்.

பெரியப்பா: உன் அம்மா கேட்டது மிகவும் சரி. மாலகைட் தூளில் செம்பு இருக்கிறது. ஜாஸ்பர் தூளோ சிலிகா, நுரையீரலில் போய்த் தங்கிவிடும். மேசையையும் ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும், பெருக்கவே கூடாது.

(மறுநாள் மாலை)

மலர்: [படம்]
பெரியப்பா, புதிய ஆறும் ஒரு கரையும். ஜன்னலில் பிடித்து எடுத்தேன். மேற்பக்கம் முழுவதும் இருட்டு. அடியில் இரண்டு இடத்தில் வெளிச்சம் வருகிறது.

பெரியப்பா: இரண்டுக்கும் நடுவில் ஒரு மேடு இருக்கிறது பார், அதுதான் முட்டுகிறது. நுண்மையாகத் தேய்க்கும் 600 எண் சக்கரத்தில் ஒரே ஒரு இழுப்பு. பிறகு மறுபடி ஜன்னலுக்குப் போ.

மலர்: போகிறேன்.