சிலைடிங் கேற் பாதி மூடிப்போட்டுத் திரும்பத் திறக்குது: மோட்டரோ, கேற்றோ?

சுன்னாகத்தான்:
14 அடி சிலைடிங் கேற், முழுக்கத் தகடு அடிச்சது. 230 வோல்ற் மோட்டர், 600 கிலோ வரைக்கும் இழுக்கும் எண்டு அதில போட்டிருக்கு. திறக்கேக்க ஒரு பிரச்சினையும் இல்லை. மூடேக்க சிலவேளை பாதியில நிண்டு திரும்பத் திறக்குது. பின்னேரம் ஆறரை, ஏழு மணிக்குத்தான் கூட. இடைக்கிடை உறுமிக்கொண்டு அசையாமலும் நிக்குது. பொருத்தினவை போட்டில (மோட்டரைக் கட்டுப்படுத்துற சர்க்கியூற் போட்) தள்ளுற விசையைக் கூட்டினாச் சரிவரும் எண்டு சொல்லுகினம். கூட்டலாமோ? ஒழுங்கைப் பிள்ளையள் கேற்றடியிலதான் விளையாடுறவை.

கேற்வேலை:
விசையைக் கூட்டாதேங்கோ. கேற் எதிலயாவது முட்டினா மோட்டரின்ர வேகம் குறையும். அதைக் கண்டுதான் போட் கேற்றைத் திருப்பி எடுக்குது. விசையைக் கூட்டினா பிள்ளையில முட்டினாலும் அது தள்ளிக்கொண்டு போகும். ஐரோப்பிய நியமம் ஈஎன் 12453இன்படி, கேற் மூடி முடியிற இடத்தில, 5 செ.மீ.க்கும் 50 செ.மீ.க்கும் இடைப்பட்ட இடைவெளியில, முட்டுற விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது. கிட்டத்தட்ட 40 கிலோப் பாரம். முக்கால் செக்கனுக்குள்ள அது 150க்குக் கீழ இறங்கவும் வேணும்.

முதல்ல மெயினை நிப்பாட்டிப்போட்டு, திறப்பைப் போட்டு மோட்டரைக் கேற்றிலயிருந்து கழட்டிவிடுங்கோ, கேற் கையால ஓடுற மாதிரி. கேற்றை ஒரு கையால முழுத்தூரமும் மெதுவாத் தள்ளிப் பாருங்கோ. ஒரு கைக்கு வராத கேற்றுக்கு எந்த மோட்டர் போட்டும் பிரயோசனமில்லை. எந்த இடத்தில இறுகுது எண்டு சோக்கால கோடு போடுங்கோ. தள்ளாமல் விட்டா தானா உருளுதோ எண்டும் பாத்து எழுதுங்கோ.

இணுவில் வயறிங்:
அண்ணை சொன்னதோட போட்டோசெல்லையும் பாருங்கோ, அதாவது கேற்றுக்குக் குறுக்கால கண்ணுக்குத் தெரியாத ஒளி விடுற பெட்டியும் அதைப் பிடிக்கிற ரிசீவர்ப் பெட்டியும். அனேகமான போட்டுகளில அது மூடேக்க மட்டும்தான் வேலை செய்யும், அதால உங்கட அறிகுறி அதுக்கும் பொருந்துது. போட்டில அதுக்கெண்டு ஒரு சின்ன லைற் இருக்கும். சாதாரணமா எரிஞ்சுகொண்டிருக்கும், குறுக்கால ஏதும் வந்தா அணையும். கேற் திரும்புற நேரம் ஒராள் அதையே பாத்துக்கொண்டு நிக்கவேணும். அணைஞ்சா போட்டோசெல், அணையாட்டி இல்லை.

போட்டோசெல் எண்டா அனேகமா சிலந்தி வலை, உள்ள எறும்புக் கூடு, இல்லாட்டி பின்னேர வெயில் நேர ரிசீவருக்குள்ள அடிக்கிறது. வெயில் எண்டா ரெண்டு பக்கத்தையும் மாத்திப் பூட்டினாக் காணும். பெட்டிக்குள்ள வயர் வாற ஓட்டையைச் சிலிக்கன் போட்டு அடையுங்கோ. கீழ தண்ணி வடியிற ஓட்டையை மட்டும் விடுங்கோ. மோட்டர் மூடியைக் கழட்டினாப் போட்டில பல்லி இருக்கோ எண்டும் பாருங்கோ. ரெண்டு ரேர்மினலுக்குக் குறுக்க பல்லி விழுந்தாப் போட் போயிடும். மாரி தொடங்க முதல் வயர்க் குழாயின்ர வாயை அடைக்கிறது நல்லது.

உறுமுறது வேற விசயம். மோட்டரைக் கழட்டிவிட்ட நிலையில ஓடவிடுங்கோ. வெறுமனவும் உறுமிக்கொண்டு நிண்டா கப்பாசிற்றர் (மோட்டரைச் சுத்தத் தொடக்கிவிடுற உறுப்பு) பழுது. மெயினை நிப்பாட்டி, கப்பாசிற்றரை டிஸ்சார்ஜ் பண்ணிப்போட்டு அளந்து பாருங்கோ. அதில போட்டிருக்கிற மைக்ரோபராட்டை விட 10 வீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தா அதே அளவில புதுசு போடுங்கோ. வெறுமன நல்லா ஓடி, கேற்றோட மட்டும் திணறினா கரண்டும் பாரமும்தான். 190 வோல்ற்றுக்கு இறங்கினா மோட்டரின்ர இழுவை 68 வீதம்தான் மிஞ்சும், ஏனெண்டா அது வோல்ற்றேஜின்ர வர்க்கத்தோட குறையும்.

சுன்னாகத்தான்:
பாத்தாச்சு. போட்டோசெல் லைற் அணையேல்லை. வெறுமன மோட்டர் நல்லா ஓடுது. கேற்றைக் கழட்டிவிட்டா தானாத் திறக்கிற பக்கம் உருளுது. மூட இன்னும் 5 அடி இருக்கேக்க இறுகுது. பின்னேரம் வீட்டுக் கரண்ட் மீற்றரடியில 195, 200 வோல்ற் காட்டுது. மோட்டரடியிலும் அவ்வளவுதான்.

கேற்வேலை:
அப்ப உங்கட றெயில் சரிஞ்சுபோய் இருக்கு. மூடேக்க ஏத்தம், திறக்கேக்க இறக்கம், அதுதான் திறக்கேக்க ஒண்டும் தெரியேல்லை. பகலில கரண்ட் நல்லா இருக்கிறதால தம் பிடிச்சு ஏத்துது. பின்னேரம் ஏலாமல் வேகம் குறைய, தடை வந்திட்டுது எண்டு போட் நினைச்சுத் திருப்புது. மோட்டரடியிலும் மீற்றரடியிலும் ஒரே வோல்ற் எண்டபடியா உங்கட வயரில பிழையில்லை, லைனிலதான் குறைவு.

றெயிலின்ர ரெண்டு தொங்கலையும் நீர்மட்டக் குழாய் வைச்சுப் பாருங்கோ. 5 அடிக் கோட்டில ஒருக்கா நூல் பிடிச்சுப் பாருங்கோ, வாகனச் சில்லு ஏறி ஏறி அந்த இடம் பதிஞ்சிருக்கும். றெயிலைக் கிளப்பிக் கொங்கிறீற் போட்டுத்தான் திருத்தவேணும், கீழ தகடு செருகினா அடுத்த மாரிக்குத் திரும்ப இறங்கும். சில்லின்ர பெயரிங்கையும் அதோட மாத்துங்கோ, கறள் பிடிச்சிருந்தாக் கையால சுத்தேக்க கரகரக்கும்.

கேற் உயர்ந்தபிறகு பல்லுச்சட்டத்தை (கேற்றில பூட்டின, மோட்டர்ப் பல்லு பிடிச்சு இழுக்கிற சட்டம்) திரும்ப உயரம் வைச்சுப் பூட்டவேணும். அதுக்கும் மோட்டர்ப் பல்லுக்கும் இடையில 1.5இலிருந்து 2 மில்லிமீற்றர் விடுங்கோ, முழுத்தூரமும். இறுக்கி வைச்சாக் கேற்றின்ர பாரம் மோட்டர்த் தண்டில விழுந்து பெயரிங் போகும். இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் லிமிற்றை (கேற் எங்க நிக்கவேணும் எண்டதை) போட்டுக்குத் திரும்பப் பழக்கி, விசையை ஆகக் குறைஞ்ச அளவில வைக்கவேணும்.

இணுவில் வயறிங்:
லைன் குறைவு தொடர்ந்தா, அடுத்தமுறை மாத்தேக்க 24 வோல்ற் மோட்டர் எடுங்கோ. 12 வோல்ற் 7 ஆம்பியர் மணி பற்றரி ரெண்டைத் தொடரா இணைச்சா கரண்ட் நிண்டாலும் கொஞ்ச நேரம் திறந்து மூடலாம்.

கேற்வேலை:
முக்கியமானது ஒண்டு. றெயிலின்ர ரெண்டு தொங்கலிலும் நிலத்தோட பிடிச்ச இரும்பு ஸ்டொப்பர் இருக்கோ? லிமிற் சுவிச்சை மட்டும் நம்பக் கூடாது. மோட்டரைக் கழட்டிவிட்ட நேரம் உங்கட கேற் தானா உருளுது. ஸ்டொப்பர் இல்லாட்டி மேல இருக்கிற வழிகாட்டிச் சில்லை விட்டு வெளியால போய் ஆக்களுக்கு மேல விழும். இல்லையெண்டா றெயில் வேலைக்கு முதல் அதை வெல்ட் பண்ணுங்கோ. அதுவரைக்கும் பிள்ளையளைக் கேற்றடிக்கு விடாதேங்கோ.