எங்கள் ஆடிட்டர் ஆபீஸ் பெயரில் கிளையண்டுக்குப் போலி மெயில், பணமும் போய்விட்டது

மல்லேஸ்வரம்_ஆடிட்டர்:
அப்பா தொடங்கிய ஆடிட்டர் ஆபீஸை பெங்களூரு மல்லேஸ்வரத்தில் நான் நடத்துகிறேன். ஒன்பது பேர் வேலை பார்க்கிறோம். பீனியாவில் பட்டறை வைத்திருக்கும் பழைய கிளையண்ட் இன்று காலை போன் செய்து, "ஏம்மா, பேங்க்கை மாத்திட்டீங்களா? புது அக்கவுண்ட்லயே 2,80,000 போட்டுட்டேன்" என்றார். நாங்கள் எதையும் மாற்றவில்லை.

அந்த மெயிலை வாங்கிப் பார்த்தேன். அப்பா பெயர், லோகோ, 'நமஸ்காரம்' என்று நான் ஆரம்பிக்கும் வழக்கம், எல்லாம் அப்படியே. நாங்கள் உண்மையாக அனுப்பிய பில்லுக்கு அடுத்த பதிலாகவே வந்திருக்கிறது. முகவரியைப் பெரிதாக்கிய பிறகுதான் கண்ணில் பட்டது: எங்கள் டொமைனில், அதாவது முகவரியில் @க்குப் பின் வரும் பெயரில், 'எம்' வர வேண்டிய இடத்தில் சின்ன எழுத்து 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நிற்கின்றன. மெயில் உண்மையாகவே எங்கள் டொமைனிலிருந்து வந்ததா என்று சோதிக்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் எங்கள் மெயிலுக்கு இருக்கின்றன. அந்தச் சோதனையில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் போட்டால் இது நிற்குமா? மற்ற கிளையண்டுகளிடம் சொல்லலாமா? பெயர் கெட்டுவிடும் என்று ஆபீஸில் தயங்குகிறார்கள்.

கோரமங்கலா_வக்கீல்:
மற்றதெல்லாம் அப்புறம். பணம் போட்ட கிளையண்டை இப்போதே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் பேசச் சொல்லுங்கள், அவருடைய பேங்க்கிலும் எழுதிக் கொடுக்கட்டும். இப்படிப் போகும் பணம் ஒரு கணக்கில் தங்காது, அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். புகார் போய்ச் சேரும் நேரத்தில் எது மிச்சமோ அதைத்தான் முடக்க முடியும்.

மெயில்_சர்வர்_வேலை:
மேடம், டிமார்க் அவசியம் போடுங்கள். 'நன்', அதாவது எதையும் தடுக்காதே, என்று விட்டால் அறிக்கை மட்டும்தான் வரும். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு 'ரிஜெக்ட்' வரை கொண்டுபோக வேண்டும். ஆனால் அது காப்பது உங்கள் டொமைனை அச்சு அசலாகப் போட்டு அனுப்பும் மெயிலிலிருந்து மட்டும். இது மோசடிக்காரர்களே காசு கொடுத்து வாங்கிய வேறு டொமைன். அதற்கு டிமார்க் வரை எல்லாம் ஒழுங்காகவே வைத்திருப்பார்கள், சோதனையில் பாஸ் ஆகிவிடும். அதைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனத்துக்கு மெயிலின் முழு ஹெடரோடு, அதாவது அது எந்த வழியாக வந்தது என்ற விவரத்தோடு, புகார் அனுப்புங்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. உங்கள் பில்லுக்கே பதில் வந்திருக்கிறது என்றால், அந்த பில் அவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் பக்கமோ கிளையண்ட் பக்கமோ ஒரு மெயில்பாக்ஸ் திறந்து கிடக்கிறது. ஒவ்வொருவர் மெயில்பாக்ஸிலும், வரும் மெயிலைத் தானாக நகர்த்தும் 'ரூல்ஸ்', வேறு முகவரிக்கு அனுப்பும் 'ஃபார்வர்டிங்' இரண்டையும் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் அங்கே ரூல் போட்டிருந்தால், பாஸ்வேர்டை மாற்றினாலும் அது அழியாது. எல்லா சாதனத்திலிருந்தும் லாகவுட் செய்துவிட்டு, பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் டூ ஸ்டெப் போடுங்கள்.

பட்டறை_அக்கவுண்ட்ஸ்:
பணம் போடும் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன் அக்கா. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் போடும் முன்பே கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எல்லா பேங்க்குக்கும் சொல்லியிருந்தது. அதற்கு முன் நாம் அடிக்கும் பெயரை யாரும் ஒப்பிடுவதில்லை, நம்பரை வைத்தே பணம் போய்விடும். உங்கள் கிளையண்டுகளுக்கு இதைக் காட்டிக் கொடுங்கள். கிளையண்டுகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள். மறைத்து நாளை இன்னொருவர் பணம் போனால், அதன் பிறகு எந்த முகத்தோடு அவர் கணக்கைப் பார்ப்பீர்கள்?

மல்லேஸ்வரம்_ஆடிட்டர்:
எங்கள் பக்கம்தான். பில் அனுப்பும் பெண்ணின் மெயில்பாக்ஸில், பெயருக்கு ஒரு புள்ளி மட்டும் வைத்து ஒரு ரூல் இருந்தது. 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்' என்று வரும் மெயில் எல்லாம் ஒரு வெளி முகவரிக்குப் போய்விட்டு, இணையதளச் செய்திகள் சேர்வதற்கான 'ஆர்எஸ்எஸ்' ஃபோல்டரில் ஒளிந்துகொண்டிருந்தது. அந்த ஃபோல்டரை எங்களில் ஒருவர்கூடத் திறந்ததில்லை. போன மாதம் 'டாக்குமென்ட் ஷேர்' என்று வந்த லிங்க்கில் பாஸ்வேர்ட் அடித்ததாக அவளே சொன்னாள். அவள் மேல் தப்பில்லை. டூ ஸ்டெப் போடாமல் விட்டது நான்.

நேற்று மாலையிலிருந்து கன்னடத்திலும் தமிழிலுமாக 64 கிளையண்டில் 51 பேரிடம் பேசிவிட்டேன். கணக்கு மாறியதாக மெயில் வந்தால், உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் எங்கள் நம்பருக்கு அடித்துக் கேட்காமல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள் என்று சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. பீனியா கிளையண்டின் பணத்தில் 1,10,000 முடக்கப்பட்டிருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. மீதியைப் பற்றி நேரில் பேச அப்பாவும் நானும் நாளை பீனியாவுக்குப் போகிறோம்.