குரூப் கோச்சிங்: 'குழுப் பயிற்சி' வேண்டாமே, 'கூட்டு வழித்துணை' எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்த மடல்களையெல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி சின்னதுதான். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பால்புதுமையினர், புலம்பெயர்ந்து வந்தவர்கள் என்று அலுவலகங்களில் பணியாளர்களே சேர்ந்து நடத்தும் குழுக்கள் இருக்கின்றன அல்லவா, எம்ப்ளாயீ ரிசோர்ஸ் குரூப் என்கிறார்கள், அவற்றை முன்னின்று நடத்துபவர்களை ஒன்றாக உட்காரவைத்துச் செய்யும் குரூப் கோச்சிங்கைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கையேடு ஒன்றைத் தமிழாக்கும் நண்பர் கேட்டார். மளமளவென்று மூன்று பேர் 'குழுப் பயிற்சி' என்று எழுதினார்கள், அவரும் அதையே போட்டுவிடுவார் போலத் தெரிகிறது. போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

> கோச் என்றால் பயிற்சியாளர். விளையாட்டுச் செய்திகளில் அப்படித்தானே எழுதுகிறோம், இதற்கு ஏன் புதுச்சொல்?

விளையாட்டுச் செய்தியில் அது நிலைத்துவிட்டது, அதை யாரும் அசைக்க வேண்டாம். ஆனால் அலுவலகத்தில் 'பயிற்சி' என்று ஓர் அழைப்பு வந்தால் நாம் எதை எதிர்பார்த்துப் போகிறோம்? முன்னால் ஒருவர் நிற்பார், திரையில் ஸ்லைடு ஓடும், தெரிந்தவர் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார், கடைசியில் கருத்துப் படிவம் ஒன்றை நிரப்பிவிட்டு வருவோம். கோச்சிங்கில் இது எதுவும் கிடையாது, கோச் கேள்வி கேட்பார், விடையை நாமே தேடிக்கொள்வோம். விளையாட்டிலேயே இந்த மாற்றம் எப்போதோ தொடங்கிவிட்டது. டென்னிஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த டிமதி கால்வே 1970களில் 'மணிக்கட்டை இப்படி வை, காலை அப்படி வை' என்று திருத்துவதைக் குறைத்துக்கொண்டார். பந்து தரையில் பட்டதும் 'பௌன்ஸ்' என்றும் மட்டையில் பட்டதும் 'ஹிட்' என்றும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடச் சொன்னார். கவனம் பந்துக்குப் போனதும் ஆட்டம் தானாகவே சீராயிற்று. அந்த எண்ணத்தைத்தான் பிரிட்டனின் ஜான் விட்மோர் போன்ற கோச்சுகள் அலுவலகங்களுக்குக் கொண்டுபோனார்கள். இலக்கு என்ன, இப்போதைய நிலை என்ன, என்னென்ன வழிகள் இருக்கின்றன, இவற்றில் எதைச் செய்யப்போகிறாய் என்று கேட்கும் 'குரோ' முறை அந்த வழியில் வந்தது. நான்குமே கேள்விகள் என்பதைக் கவனியுங்கள். 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பும் கோச்சிங்கைக் கூட்டாளித்துவம் என்றுதான் வரையறுக்கிறது, கற்பித்தல் என்று சொல்லவில்லை.

இவ்வளவையும் 'பயிற்சி' என்ற ஒரு சொல்லுக்குள் போட்டால், டிரெயினிங்குக்கு என்ன சொல்வீர்கள்? கையேட்டில் ஒரே பத்தியில் இரண்டும் வருகிறதாம்.

'வழிகாட்டல்' என்று எழுதிய நண்பருக்கு: அது மென்டரிங்குக்கு ஏற்கெனவே போய்விட்டது, நன்றாகவும் பொருந்துகிறது. அந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்தவர், திரும்பி நின்று காட்டுகிறார். கோச் அந்தப் பாதையில் நடந்திருக்க வேண்டும் என்பதே இல்லை. 'ஆலோசனை' கவுன்சலிங்குக்கும் கன்சல்டிங்குக்கும் இடையே ஏற்கெனவே இழுபடுகிறது, மூன்றாவதாக இதையும் அதன் தலையில் கட்ட வேண்டாம்.

'உசாவல்' என்ற பரிந்துரையை மட்டும் எளிதில் தள்ள முடியவில்லை. உசாவுதல் என்றால் கேட்டறிதல், கலந்து ஆராய்தல். கோச் செய்வது இந்த இரண்டையும்தான், சொல்லும் பழையது, அழகானது. என் தயக்கம் வேறு இடத்தில். உசாவலுக்குப் பொருள் தேடுபவருக்கு 'விசாரித்தல்' என்பதும் கிடைக்கும். பாகுபாட்டைப் பற்றிப் புகார் கொடுத்துவிட்டு மனிதவளத் துறை முன் உட்கார்ந்து எழுந்துவந்த ஒருவரிடம் 'உங்கள் குழுவுக்கு உசாவல் ஏற்பாடு செய்திருக்கிறோம்' என்றால் அவருக்கு வயிறு கலங்கும். இந்தக் குழுக்களில் அப்படிப்பட்டவர்கள் நிச்சயம் இருப்பார்கள். சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அதைக் காதில் வாங்கப்போகிறவர் யார் என்று பார்க்க வேண்டாமா?

சரி, என் பரிந்துரை: வழித்துணை.

புதிதாகப் படைத்த சொல் இல்லை. தனியாகப் போகிறவரோடு கூடவே நடந்து வருகிறவருக்கு எல்லோரும் சொல்லும் சொல். போகிற இடத்தைத் தீர்மானிப்பவர் போகிறவர்தான். வழித்துணை கூட வருகிறார், பேச்சுக் கொடுக்கிறார், இருட்டில் நின்றுவிட்டால் 'இப்போது என்ன தெரிகிறது?' என்று கேட்கிறார். வழிகாட்டிக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு கோச்சுக்கும் மென்டருக்கும் உள்ள அதே வேறுபாடு, விளக்கம் சொல்லாமலே புரிந்துவிடுகிறது. இன்னொன்று, கோச் என்ற சொல்லே பயணத்திலிருந்து வந்ததுதான். ஹங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப்பெயரே பெயராகி ஐரோப்பா முழுக்கப் பரவியது. 1830கள் வாக்கில் இங்கிலாந்துப் பல்கலைக்கழக மாணவர்கள் தங்களைத் தேர்வில் கரைசேர்க்கும் தனி ஆசிரியரை அந்த வண்டியின் பெயரால் அழைக்க ஆரம்பித்தார்கள். வண்டிக்குத் தமிழில் வண்டி தேட வேண்டியதில்லைதான், ஆனாலும் வழி என்ற சொல் இதற்குள் வந்து உட்காருவது எனக்கு நிறைவாக இருக்கிறது.

அடுத்து, முன்னால் 'குழு' வேண்டுமா என்ற கேள்வி. வேண்டாம் என்பேன். 'பணியாளர் குழுக்களுக்கான குழு வழித்துணை' என்று எழுதிப் பாருங்கள், எந்தக் குழு எது என்று வாசிக்கிறவர் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். 'கூட்டு வழித்துணை' என்றால் அந்தச் சிக்கல் இல்லை. அதைவிடப் பெரிய காரணம், அந்த அறையில் நடப்பதை 'கூட்டு'தான் சரியாகச் சொல்கிறது.

நான் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்த ஓர் அமர்வைச் சொல்கிறேன். அங்கே பேசியது வெளியே போகக்கூடாது என்பது முதல் உடன்பாடு, அதனால் ஆளும் இடமும் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வெவ்வேறு குழுக்களின் பொறுப்பாளர்கள் ஆறு பேர், ஒன்றரை மணி நேரம். பெண்கள் குழுவின் பொறுப்பாளர் சொன்னார்: நாங்கள் எவ்வளவு நல்ல நிகழ்ச்சி வைத்தாலும் ஆள் வருவதில்லை, வருகிற பத்துப் பேரும் எப்போதும் வருகிற அதே பத்துப் பேர். நானாக இருந்தால் அழைப்பை இப்படி அனுப்பு, தலைப்பை மாற்று என்று அங்கேயே பட்டியல் போட்டிருப்பேன். கோச் அப்படி எதுவும் சொல்லவில்லை. 'வராதவர்களில் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்ல வேண்டாம். நிகழ்ச்சி நடக்கும் நேரத்தில் அவர் எங்கே இருக்கிறார்?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். ரொம்ப நேரம் சும்மா இருந்தார். பிறகு அந்தப் பெண்ணே மெதுவாகச் சொன்னார்: 'இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்.' அவர்கள் நடத்திய எல்லா நிகழ்ச்சியும் பகல் ஷிப்டின் மதிய நேரத்தில்.

அது முடியவில்லை. பக்கத்தில் இருந்த மாற்றுத்திறனாளிகள் குழுப் பொறுப்பாளர் உடனே அவரைப் பார்த்து இன்னொன்று கேட்டார்: 'இரவு ஷிப்டில் இருக்கிறவர்களில் யாராவது உங்கள் பொறுப்பாளர் குழுவில் இருக்கிறார்களா?' இந்த இரண்டாவது கேள்வி கோச்சிடமிருந்து வரவில்லை, அதுதான் முக்கியம். கூட வந்திருந்தவரிடமிருந்து வந்தது, அவர் தன் குழுவில் அதே சுவரில் முட்டியிருந்ததால் வந்தது. தனி ஒருவருக்குச் செய்யும் கோச்சிங்கில் இது கிடைக்காது. அந்த அறையில் எல்லோருமே எல்லோருக்கும் வழித்துணை, கோச் அதற்கு இடம் அமைத்துக் கொடுக்கிறார், நேரம் பார்க்கிறார், ஒருவரே பேசிக்கொண்டு போனால் மற்றவரையும் உள்ளே இழுக்கிறார்.

1940களில் பிரிட்டன் நிலக்கரிச் சுரங்க மேலாளர்களைச் சிறு சிறு குழுவாக உட்காரவைத்து மேலாண்மை அறிஞர் ரெக் ரெவன்ஸ் செய்துபார்த்ததும் இதன் நெருங்கிய உறவுதான். நிபுணரை அழைத்து வராமல், ஒருவர் சிக்கலை மற்றவர் கேள்வியால் பிரித்துப் பார்க்கவைத்தார். அப்படிச் சேர்ந்தவர்களை இடர்ப்பாட்டில் தோழர்கள் என்று அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடிக்கும்.

குழு, அணி வேறுபாட்டையும் கையேட்டில் காப்பாற்ற வேண்டும். வெவ்வேறு குழுக்களின் பொறுப்பாளர்கள் அவரவர் இலக்கோடு வந்து உட்கார்ந்தால் அது குரூப் கோச்சிங், கூட்டு வழித்துணை. ஒரே குழுவின் நிர்வாகிகள் ஒரே இலக்கோடு வந்தால் அது டீம் கோச்சிங், அதை 'அணி வழித்துணை' எனலாம்.

> எம்ப்ளாயீ ரிசோர்ஸ் குரூப்புக்குப் 'பணியாளர் வளக் குழு' போதாதா?

'மனிதவளம்' பக்கத்திலேயே இருப்பதால் இதை அந்தத் துறையின் கிளை என்றுதான் எல்லோரும் வாசிப்பார்கள். இந்தக் குழுக்கள் பிறந்த விதம் அப்படி இல்லை. அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் 1964இல் நடந்த இனக் கலவரத்துக்குப் பிறகு, ஜெராக்ஸ் நிறுவனத்தின் கறுப்பினப் பணியாளர்கள் பாகுபாட்டைப் பற்றிப் பேசத் தாங்களாகவே ஒன்றுகூடினார்கள். நிறுவனத் தலைவர் ஜோசப் வில்சனின் ஆதரவும் இருந்தது, 1970இல் அது முறையான அமைப்பாயிற்று. ஒன்றுகூட வேண்டும் என்ற முனைப்பு பணியாளர்களிடமிருந்து வந்தது. அதனால் முன்பு ஒருவர் எழுதிய 'பணியாளர் தோழமைக் குழு'வை ஆதரிக்கிறேன். 'துணைக்குழு' என்று போனால் சப்கமிட்டி ஆகிவிடும்.

யாரையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்வதைச் சொல்லும் இன்க்லூஷனுக்கு 'உள்ளடக்கம்' என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துவோம். இணையம் முழுக்க அது கன்டென்ட்டுக்குப் புழங்குகிறது. 'அனைவரையும் உள்ளடக்கிய' என்று அடையாக வரும்போது தொந்தரவில்லை, பெயர்ச்சொல்லாக என்ன செய்வது என்பதைத் தனி இழையில் பேசலாம்.

இனி என் சொல்லுக்கு வரக்கூடிய மறுப்புகள். வினைச்சொல்லாக வருமா? 'வழித்துணையாக வந்தார்', 'வழித்துணையாக இருக்கிறேன்' என்று இயல்பாக வருகிறது. ஆளுக்கு 'வழித்துணைவர்' என்றால் கணவன் மனைவி நினைவு வரலாம், 'வழித்துணையாளர்' நீளம் என்றாலும் பாதுகாப்பானது. கோச்சிங் பெறுகிறவருக்குத் தனிச்சொல் வேண்டாம், 'பங்கேற்பவர்' போதும். 'வழிகாட்டல், வழித்துணை இரண்டும் காதில் ஒன்றுபோல் விழும்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அடுத்தடுத்து வரும்போது அவற்றின் வேறுபாடுதான் முதலில் தெரியும் என்பது என் எண்ணம். பக்திப் பாடல் வாடை அடிக்கிறது என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். அந்த வாடை இருக்கிறது. அன்றாடப் பேச்சிலும் இந்தச் சொல் இருப்பதால், அலுவலகத்துக்குள் நான்கு முறை புழங்கினால் போய்விடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் சொல் தவறினால் வேலையும் தவறும். இந்தப் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் தங்கள் வழக்கமான வேலைக்கு மேல் இதைச் செய்கிறார்கள், ஊதியமில்லாமல். 2021இல் லிங்க்ட்இன் தன் பணியாளர் குழுக்களின் உலகளாவிய இணைத்தலைவர்களுக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் தருவதாக அறிவித்தது செய்தியானதே அதனால்தான், அவ்வளவு அரிது. களைத்துப்போய் வருகிறவர்களிடம் 'உங்களுக்குப் பயிற்சி' என்றால், குறை உங்களிடம், அதைத் திருத்தப்போகிறோம் என்று ஆகிவிடுகிறது. குறை பெரும்பாலும் பதவி உயர்வு எப்படி முடிவாகிறது, கூட்டம் எந்த நேரத்தில் நடக்கிறது, யார் சொல்வது காதில் ஏறுகிறது என்பதில் இருக்கிறது. கூட்டு வழித்துணையால் அதையெல்லாம் மாற்றிவிட முடியாது. அதை மாற்றவேண்டிய மேலிடத்தின் முன் எதைச் சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, யாரைச் சேர்த்துக்கொண்டு போவது என்று தெளிய உதவும். அமர்வுக்குப் பணம் கொடுப்பது நிறுவனம் என்பதால், அறையில் பேசியதில் எது நிறுவனத்துக்குப் போகும், எது போகாது என்பதை முதல் நாளே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். நிறுவனம், கோச், பங்கேற்பவர்கள் என்று மூன்று தரப்பு என்பதால், கையேட்டில் அந்தப் பகுதிக்கு 'முத்தரப்பு உடன்பாடு' என்று போடலாம்.

கையேட்டு நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், ஒரு பக்கத்தில் 'கூட்டு வழித்துணை'யும் இன்னொரு பக்கத்தில் 'குழுப் பயிற்சி'யும் போட்டு, தோழமைக் குழுவில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, இந்த அமர்வில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை இங்கே எழுதுங்கள். 'உசாவல்' பரிந்துரைத்தவரின் பதிலுக்கும் காத்திருக்கிறேன்.

அன்புடன்