2வது மாடி டைல்ஸ் தரை: கீழ்வீட்டுக்குச் சத்தம் போகாம இருக்க அடியில என்ன போடணும்?

மாடிவீடு_2பி
சென்னை, அப்பார்ட்மென்ட், 2வது மாடி. ஹால் 12×14 அடி. ஸ்லாப் 5 அங்குலம் (125 மி.மீ). அதுக்கு மேல 40 மி.மீ கலவை, 2×2 விட்ரிஃபைட் டைல்ஸ். கீழ்வீட்ல கேக்குறது மூணு: நாற்காலி இழுக்கிற கீச், டம்ளர் விழுற டங், பையன் குதிக்கிற தொம்தொம். பேச்சோ டிவியோ கேக்கல. இருக்குற டைல்ஸ் மேலயே 2 மி.மீ ஃபோம் விரிச்சு 8 மி.மீ லேமினேட் போடலாம்னு கடையில சொல்றாங்க. ஃபோம் பேரு "சவுண்ட் அப்சார்ப் ஷீட்". மூணு சத்தமும் குறையுமா? ஃபோமுக்குப் பதிலா தெர்மாகோல் போட்டா மலிவாச்சே?

அதிர்வெண்
கீச், டங் குறையும். தொம்தொம் குறையாது.

"அப்சார்ப்" என்ற சொல்தான் குழப்புகிறது. பஞ்சு, கிளாஸ் வுல், திரைச்சீலை எல்லாம் காற்றில் வரும் ஒலியை உறிஞ்சி அறையின் எதிரொலியைக் குறைக்கும். உங்கள் தொல்லை காற்றில் வருவதல்ல. தரையில் விழும் அடி கான்கிரீட்டுக்குள் இறங்கி, கீழ்வீட்டு ரூஃபே ஒலிபெருக்கியாகிறது. அதைத் தடுக்க வேண்டியது ஸ்பிரிங்: மேலே கனமான பலகை, அடியில் மெத்து, எங்கும் ஸ்லாபையோ சுவரையோ தொடாமல்.

கணக்கு இது: ஒத்ததிர்வு (அந்த ஸ்பிரிங் தானாக ஆடும் வேகம்) ஹெர்ட்ஸ் = 160 × √(மெத்தின் டைனமிக் விறைப்பு, அதாவது அடி விழும்போது அது காட்டும் விறைப்பு ÷ மேலே உள்ள எடை). விறைப்பு மெகாநியூட்டன்/கன மீட்டரில், எடை கிலோ/சதுர மீட்டரில். மெத்தின் விறைப்பு 20 என்று வைப்போம். மேலே 8 கிலோ லேமினேட் இருந்தால் 253 ஹெர்ட்ஸ். அதே மெத்தின் மேல் 50 மி.மீ கான்கிரீட்டும் டைல்ஸும் சேர்ந்து 140 கிலோ இருந்தால் 60 ஹெர்ட்ஸ். இந்த எண்ணை விட ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் உள்ள ஒலிதான் குறையத் தொடங்கும். குதிக்கும் சத்தத்தின் பெரும்பகுதி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே. லேமினேட் அதைத் தொடவே முடியாது.

தெர்மாகோல் வேண்டாம். கையில் லேசாக இருப்பதெல்லாம் மெத்தென்று ஆகிவிடாது. சாதாரண தெர்மாகோல் விறைப்பானது, அடியை அப்படியே கடத்திவிடும்.

தளக்கொத்து
கடைக்காரர் டப்பாவுல "ஐஐசி 70"னு போட்டிருப்பதைக் காட்டினா உடனே நம்பிடாதீங்க. ஐஐசி-ங்கிறது தரையில விழுற அடிச் சத்தத்தை எவ்வளவு தடுக்குதுன்னு சொல்ற எண், கூடினா நல்லது. பல நேரம் அது தடிமனான ஸ்லாப், கீழே ஃபால்ஸ் சீலிங், நடுவுல பஞ்சு எல்லாம் சேர்த்து எடுத்த எண். வெறும் ஸ்லாப் மேல அந்தப் பொருள் தனியா எவ்வளவு குறைச்சதுன்னு கேளுங்க. அதுக்குப் பேரு டெல்டா ஐஐசி, ஐரோப்பிய முறையில டெல்டா எல்டபிள்யூ. அரை கிலோ சுத்தியல் 5, 40 மி.மீ உயரத்துலேருந்து நொடிக்கு 10 தடவை தட்டும், அதான் சோதனை மிஷின். குழந்தை குதிக்கிறது மாதிரி அது அடிக்காது. அதனால மெல்லிசு ஃபோமுக்குக்கூட 15, 20 டெசிபல்னு அழகா எண் வந்துடும்.

உங்க 125 மி.மீ வெறும் ஸ்லாப்ல அந்த மிஷின் அடிச்சா கீழ கேக்குறது கணக்குப்படி 77 டெசிபல் கிட்ட, இது குறைஞ்சாத்தான் நல்லது. ஐஐசி-யில சொன்னா 33. அமெரிக்க விதியில அடுக்கு வீடுகளுக்குக் கேக்குறது 50.

மாடிவீடு_2பி
சரி, டைல்ஸையே பேத்துட்டுப் புதுசாப் போடுறேன்னு வச்சுக்குவோம். என்ன வரிசை? ஸ்லாப் எடை தாங்குமா? கதவு, பாத்ரூம் படி எல்லாம் என்ன ஆகும்?

தளக்கொத்து
எடை முதல்ல. பழைய டைல்ஸ் 21 கிலோ, கலவை 80 கிலோ, ஆக சதுர மீட்டருக்கு 100 கிலோ சுமாரா இறங்கும். புதுசு: ரப்பர் மேட் 8, கான்கிரீட் 115, பசையும் டைல்ஸும் 26. சுமார் 150. 50 கிலோ கூடுதல். வீட்டு அறைக்கு ஐஎஸ் 875 (இந்தியத் தர விதி) சொல்ற லைவ் லோடு, அதாவது ஆள், சாமான் எடை, 200 கிலோ, அதுல கால் பங்கு இது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் டிராயிங்கைப் பார்த்துச் சரின்னு சொல்லாம கை வைக்காதீங்க. பழைய டைல்ஸ் மேலயே இதை ஏத்துற யோசனை வேண்டவே வேண்டாம்.

உயரம்: பழசு 50 மி.மீ, புதுசு 74. ஒரு அங்குலம் ஏறும். கதவு அடியைச் சீவணும். பாத்ரூம் பக்கம் படி கூடுதலா இறங்கும், அவ்வளவுதான்.

வரிசை இப்படி. பேத்த பிறகு ஸ்லாப் மேல ஒட்டிக்கிட்டிருக்கிற கலவைக் கட்டி எல்லாத்தையும் தட்டி எடுங்க. சின்ன ஜல்லி ஒண்ணு நீட்டிக்கிட்டிருந்தாலும் மேட்டைக் குத்திக் கான்கிரீட்டைத் தொடும். தண்ணி பைப், ஒயர் பைப் தரையில ஓடுதான்னு பேக்கும்போதே பாருங்க. இருந்தா அது முழுகுற மட்டத்துக்குக் கலவை போட்டுச் சமப்படுத்தி, அதுக்கு மேல மேட். பைப் மேட்டைத் துளைச்சுக்கிட்டு மேல வரக்கூடாது.

சுத்திச் சுவரோரம் 8 மி.மீ ஃபோம் பட்டை, டைல்ஸ் மட்டத்துக்கு மேல 2 அங்குலம் நிக்கிற உயரத்துக்கு. வாசக்கால், தூண், எல்லாத்தையும் சுத்தி. அப்புறம் 10 மி.மீ ரப்பர் மேட், ஓரம் ஓரம் முட்டி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம, இணைப்புல டேப். மேல 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட், 6 அங்குலம் மேலேறவிட்டு டேப், ஓரத்துல பட்டை மேல மடிச்சு ஏத்தணும். சிமென்ட் பால் ஒரு இடத்துல கீழ இறங்கிக் காய்ஞ்சா அதுவே அடியை ஸ்லாபுக்குக் கடத்துற பாலம்.

கான்கிரீட் 50 மி.மீ, 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி), சிப்ஸ் ஜல்லியோட. உங்க 168 சதுர அடிக்குச் சிமென்ட் 7 மூட்டை, எம்சாண்ட் 12 கன அடி, சிப்ஸ் 23 கன அடி. தண்ணி குறைச்சுக் கெட்டியா. கோழி வலையை நடு உயரத்துல வைக்கணும். தரையில படுத்த வலையால பயனில்லை, அதன் கம்பி நுனி பாலித்தீனைக் கிழிச்சிடும். ஆள் மிதிக்கிற வழியில பலகை போட்டு நடங்க. 7 நாள் ஈரச்சாக்கு, அப்புறம் 3 வாரம் காய விட்டுப் பசையில டைல்ஸ். வாசலுக்கு நேரா ஒரு ஜாயின்ட் விடுங்க, இல்லாட்டி அங்கதான் விரியும்.

அதிர்வெண்
நல்ல விளக்கம், ஒரு சேர்க்கை. இந்த வேலை கெடும் இடம் மேட் அல்ல, ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியோரம் ஒட்டும் டைல்ஸ் பட்டி). டைல்ஸ் மேஸ்திரி பழக்கத்தில் நீட்டி நிற்கும் பட்டையை முதல் நாளே அறுத்துவிட்டு, ஸ்கர்ட்டிங்கைத் தரையில் உட்கார வைத்துக் கிரவுட் பூசிவிடுவார். அந்த நிமிடமே தரை சுவரோடு ஒட்டிவிட்டது. டைல்ஸும் கிரவுட்டும் முடிந்த பிறகுதான் பட்டையை அறுக்க வேண்டும். ஸ்கர்ட்டிங் சுவரில் மட்டும் ஒட்டி, தரைக்கு மேலே 3 மி.மீ தூக்கி, அந்த இடைவெளியில் சிலிக்கான். வெள்ளை சிமென்ட் கூடாது.

எல்லாம் சரியாக அமைந்தால் கணக்கில் 30 டெசிபல் வரும். 20 கிடைத்தாலே ஐஐசி 50-ஐத் தாண்டிவிடுவீர்கள்.

பீரோ_நகர்த்தாதே
ரொம்ப மெத்துனு இருக்கிற மேட் எடுத்தா இன்னும் நல்லதுன்னு யாராவது சொல்வாங்க. பீரோ நாலு சின்னக் கால்ல நிக்கும், ஓரத்துல. தரை மூலை அங்க அமுங்கிக் கான்கிரீட் வெடிக்கும், ஸ்கர்ட்டிங் கிட்ட சந்து திறக்கும். பீரோ, கட்டில் காலுக்கு அடியில பலகை போட்டு எடையைப் பரப்புங்க. ரப்பரைஸ்டு கயிறு மெத்தைத் துண்டை மேட்டா போடலாம்னு ஒரு யோசனை அடிக்கடி வரும், கூடாது. கான்கிரீட் எடையில அமுங்கிப்போகும், ஈரம் ஏறினா நாறும்.

உரல்ல இடிக்கிறது, கிரைண்டர் ஓடுறது சமையலறைத் தரையில இருந்தா அதுக்காகத் தரையைப் பேக்காதீங்க. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கிரானைட் துண்டு, அடியில 20 மி.மீ ரப்பர், அதும்மேல கிரைண்டர். அதே ஸ்பிரிங் கணக்குதான், சின்ன அளவுல.

மாடிவீடு_2பி
இன்ஜினியர் ஒத்துக்கலைன்னா? கீழ்வீட்ல ஃபால்ஸ் சீலிங் போட்டுத் தர்றேன்னு கேக்கலாமா?

அதிர்வெண்
கேட்கலாம். இரண்டு அடுக்கு 12.5 மி.மீ ஜிப்சம் போர்டு, ரப்பர் வைத்த ஹேங்கரில், இடையில் 50 மி.மீ ராக் வுல். பஞ்சுக்கு உண்மையில் வேலை உள்ள இடம் அந்த அடைத்த குழிதான். ஆனால் அடி சுவர் வழியாகவும் இறங்குவதால், மேலே தடுப்பதற்கு இது ஈடாகாது. லைட்டுக்காகப் பெரிய ஓட்டைகள் வெட்டினால் பாதி பலன் போகும்.

அதுவும் முடியாவிட்டால் லேமினேட் வேண்டாம், நம் ஊரில் தண்ணீர் விட்டுத் துடைக்கும் தரைக்கு ஓரம் உப்பிவிடும். எஸ்பிசி (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகை, அடியில் அதன் உற்பத்தியாளர் அனுமதிக்கும் மேட் மட்டும். கீச், டங் அடங்கும். பையன் விளையாடும் இடத்துக்குத் தடித்த விளையாட்டு மேட்.

தளக்கொத்து
காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. கடையில மேட் துண்டு 2 அடி வாங்குங்க. மேல ஒரு டைல்ஸ் வச்சு எவர்சில்வர் டம்ளரை இடுப்பு உயரத்துலேருந்து போடுங்க, கீழ்வீட்ல ஒருத்தர் ஃபோன்ல கேக்கட்டும். மேட் இல்லாம ஒரு தடவை, இருந்து ஒரு தடவை. டங்குக்கு இது போதும். தொம்தொம்முக்கு இந்தச் சின்னத் துண்டுல ஒண்ணும் தெரியாது.

கான்கிரீட் காய்ஞ்ச பிறகு, டைல்ஸ் போடும் முன்னாடி இன்னொண்ணு. ரப்பர் சுத்தியலால சுவரோரமா அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கிட்டே போங்க. கீழ ஒரு இடத்துல மட்டும் கணீர்னு கேட்டா அங்க கலவை பட்டையைத் தாண்டிச் சுவரைத் தொட்டிருக்கு. சாக்பீஸ்ல குறிச்சு, மெல்லிசு பிளேடால அந்த ஒரு சாண் நீளத்தை மட்டும் அறுத்து, தூசியை வேக்குவம்ல உறிஞ்சி, ஃபோம் பட்டையைச் செருகுங்க. டைல்ஸ் போட்ட பிறகு இதே பாலத்தைத் தேடணும்னா ஸ்கர்ட்டிங்கை எல்லாம் கழட்டணும்.