வேலை போயிடுச்சு, பகல் முழுக்க நூலகத்துல உக்காந்து படிக்கலாமா? (தர்மபுரி)

பாலக்கோட்டான்:
வணக்கங்க. ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனில ஏழு வருஷமா கான்ட்ராக்ட்ல இருந்தேன், ஆர்டர் இல்லன்னு போன மாசம் எங்க ஷிப்ட்ல பாதி பேரை நிறுத்திட்டாங்க, இப்ப குடும்பத்தோட ஊருக்கே வந்துட்டேன். வயசு 29, பிளஸ் டூ. குரூப் 4 எழுதலாம்னு பாத்தா கோச்சிங் சென்டர் பீஸ் கட்ட வழியில்ல. வீட்ல ஒரே ரூம், ரெண்டு குழந்தைங்க, படிக்கவே முடியல. கிளை நூலகத்துல நாள் பூரா உக்காந்தா ஏதாவது சொல்வாங்களா? சொந்த புக் கொண்டு போலாமா? சொல்ல கூச்சமா இருக்கு, வேலை வெட்டி இல்லாம பேப்பர் பாத்துட்டு கெடக்கறான்னு ஊர்ல பேசுவாங்களோன்னு பயமாவும் இருக்கு.

ஓய்வு நூலகர்:
தம்பி, மொதல்ல கூச்சத்தை விடுங்க. உங்க வீட்டு வரி ரசீதை எடுத்து பாருங்க, நூலக வரின்னு தனியா ஒரு வரி இருக்கும். வீட்டு வரில ரூபாய்க்கு 10 பைசா அதுக்குன்னே வாங்கறாங்க, 1948 சட்டத்துல வந்த ஏற்பாடு அது, அந்த காசுலதான் நூலகமே ஓடுது. வாடகை வீடா இருந்தாலும் உங்க வாடகைக்குள்ள அது இருக்கு. அப்ப அது உங்க எடம். உள்ள உக்காந்து படிக்க உறுப்பினர் ஆகணும்னு கூட இல்ல, வீட்டுக்கு புத்தகம் எடுத்தாதான் கார்டு. சொந்த புக்குக்கு மட்டும் நூலகர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காருங்க. கிளைகள்ல மதியம் மூடற எடமும் உண்டு, வெள்ளிக்கிழமை லீவு, வாசல்ல போர்டு பாத்துக்கோங்க. நான் வேலைல இருந்தப்ப திருப்பூர்லயும் பெங்களூர்லயும் வேலை கொறஞ்சா எங்க பேப்பர் டேபிள்ல புது மொகம் வந்துரும், எந்த பேப்பர்ல வேலை விளம்பரம் வருதோ அதை மேல எடுத்து வெப்பேன், யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டேன்.

ஊத்தங்கரை அக்கா:
தம்பி எனக்கு இது நல்லா தெரியும். வீட்டுக்காரருக்கு மாங்கூழ் பேக்டரில சீசன் வேலை, சீசன் முடிஞ்சா கையில காசு இருக்காது, அந்த மாசங்கள்ல ஸ்கூல் விட்டதும் பசங்கள நேரா நூலகத்துக்கு கூட்டிட்டு போயிருவேன், அங்க பேன் இருக்கு லைட் இருக்கு, பெரியவ கதை புக்கு படிப்பா, நான் தையல் டிசைன் புக்கு பாத்து ப்ளவுஸ் மாடல் வரைஞ்சுக்குவேன். அப்படி ஆரம்பிச்சதுதான் இப்ப நாலு தெருவுக்கு தைக்கறேன். 2020ல கொரோனாக்கு நூலகத்தை மூடினப்பதான் அது இல்லாம எவ்ளோ கஷ்டம்னு தெரிஞ்சுது. உங்க பசங்களையும் சாயந்திரம் கூட்டிட்டு போங்க.

அரூர்காரன்:
எல்லாம் சரிங்க, ஆனா புக்கு நெலமையும் சொல்லணும்ல. எங்க ஊர்ல போட்டித்தேர்வு அலமாரில இருந்த கைடெல்லாம் பழைய சிலபஸ், மழை பேஞ்சா ஒரு மூலை ஒழுகும். வாசகர் வட்டத்துல பத்து பேர் சேந்து மனு எழுதி குடுத்த பெறகு கொஞ்சம் புது புக்கு வந்துச்சு, கேக்காம வராதுங்க. அதனால கைடை நம்பாதீங்க நண்பா, 6ல இருந்து 10 வரைக்கும் ஸ்கூல் புக்கை வரி விடாம படிங்க. 200 கேள்வில 100 தமிழ், அதுல 40 சதவீதம் வரலன்னா மீதியை திருத்தவே மாட்டாங்க. அப்பறம் மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்ல தன்னார்வ பயிலும் வட்டம்னு இருக்கு, கோச்சிங் ப்ரீ, போய் பேர் குடுங்க. பதிவு பண்ணி அஞ்சு வருஷம் ஆச்சா? புதுப்பிச்சுட்டே வந்திருந்தா, குடும்ப வருமானம் வருஷம் 72,000க்குள்ள இருந்தா, பிளஸ் டூவுக்கு மாசம் 400 உதவித்தொகை உண்டு, அதையும் கேட்டு பாருங்க.

பாலக்கோட்டான்:
ரொம்ப நன்றிங்க. இன்னிக்கு காலைல போயிட்டேன். பேப்பர் டேபிள்ல என் கூட அதே ஷிப்ட்ல இருந்த பையன் உக்காந்துட்டு இருந்தான், ரெண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சே வரல. அவன் கிட்ட ஏழாவது எட்டாவது புக்கு இருக்கு, என் கிட்ட ஆறாவது. நாளைல இருந்து மாத்தி மாத்தி படிக்கறோம்.